ஒட்டன்சத்திரம் பக்கம் சைட் வாங்கப் போகிறீர்களா?

கேரளத்துக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் அனுப்பும் ஊர் ஒட்டன்சத்திரம். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே ரயிலும் நெடுஞ்சாலையும் வாய்த்த நகராட்சி. மண்டிக்காரருக்குக் கிடங்கு வேண்டும், லாரிக்காரருக்கு ஷெட் வேண்டும், வியாபாரத்துக்கு வந்து தங்கியவருக்கு வீடு வேண்டும். இப்படிப்பட்ட ஊரைச் சுற்றி நிலம் விலை ஏறுவதில் வியப்பில்லை. திருப்பூரிலோ மதுரையிலோ சம்பளம் வாங்குபவருக்கு, அங்கே ஒரு சென்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே சில சென்ட் வாங்கிப் போடலாமே என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் அக்கம்பக்கத்து விலையைவிட ஒரு மனை மலிவாக வந்தால், அதில் ஏதோ ஓர் உரிமை குறைகிறது என்று எடுத்துக்கொண்டுதான் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலும் குறைவது அங்கீகாரம். விவசாய நிலத்தைத் துண்டு போட்டுக் கல் நட்டு விற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. தரகர் இன்றும் சொல்லும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' சட்டப்படி அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யின் ஒப்புதல் எண் வேண்டும். "ஏற்கெனவே கிரயம் ஆன சைட்தானே" என்ற பேச்சிலும் மயங்க வேண்டாம். முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதிய 22-ஏ இடம் கொடுக்கிறது. பத்திரம் கைக்கு வந்துவிடும். கட்டட அனுமதி கேட்கும்போதுதான் கதவு மூடும்.

அடுத்தது ரெரா. 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் போகும் எந்த லேஅவுட்டும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நடைமுறையில் நெடுஞ்சாலையோரம் கொடி நட்டு விற்கும் ஒவ்வொன்றும் இதில் அடங்கும். துண்டறிக்கையில் பதிவு எண் இல்லையென்றால் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

அங்கீகாரம் சரியாக இருந்தும் பட்டாவில் சிக்கல் வரலாம். இந்தப் பக்கம் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது விற்பவரின் அக்கா தங்கைகளைத்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழகம் 1989-லேயே சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதும் வந்தது. தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்து, பட்டா மாற்றி, விற்று முடிக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் பாகம் கேட்டு வழக்குப் போடும்போது மாட்டுவது வாங்கியவர். எனவே வாரிசுச் சான்றைப் பார்த்து, அதிலுள்ள ஒவ்வொருவரின் கையெழுத்தும் கிரயப் பத்திரத்திலோ விடுதலைப் பத்திரத்திலோ இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்று மட்டும் இதைக் காட்டாது. பதிவானதைத்தான் அது காட்டும். பதிவாகாத பங்கு அதற்குத் தெரியாது.

வில்லங்கச் சான்றில் தெரியாத வேறு சில சிக்கல்களுக்காகவே கிராம 'ஏ' பதிவேட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பட்டியலின மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் இனாம், ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றின் சுவடு அங்கேதான் கிடைக்கும். பஞ்சமி நிலத்தைப் பிற சமூகத்தவர் எத்தனை கைமாறி வாங்கியிருந்தாலும் அந்தக் கிரயம் நிற்காது. பட்டா, புலப்பட வரைபடம், 'ஏ' பதிவேடு மூன்றையும் வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம்.

சைட் வேண்டாம், பண்ணை நிலமாக வாங்கலாம் என்போர் இப்போது கூடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு அன்னியச் செலாவணிச் சட்டப்படி அந்த உரிமை இல்லை, மனை வாங்கலாம்). இதைப் பயன்படுத்தி, தோட்டத்தைப் பத்துப் பத்து சென்ட்டாக அறுத்து 'பார்ம் லேண்ட்' என்று விற்கிறார்கள். என் கணக்கில் இது பெயர் மாற்றிய அங்கீகாரமற்ற மனைதான். பின்னாளில் வீடு கட்டப் போனால் அதே சுவரில் முட்டும். உண்மையான தோட்டம் வாங்குபவர் இரண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று தடப்பாத்தியம்: பக்கத்துக்காட்டு வரப்பில் மாமூலாக வண்டி போகிறது என்பது போதாது, பத்திரத்தில் புல எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று கிணறு. அதில் எத்தனை பேருக்குப் பங்கு, மின் இணைப்பு யார் பெயரில் என்று கேளுங்கள். விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுத்தால் மின்வாரியம் அபராதம் போடும்.

மாதத் தவணையில் நிலம் என்று கேட்டால் பி.ஏ.சி.எல். நினைவுக்கு வரட்டும். விவசாய நிலம் தருவதாகச் சொல்லி ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 49,000 கோடி ரூபாய் திரட்டிய நிறுவனம் அது. பணத்தைத் திருப்பித் தரும்படி 2014-இல் செபி உத்தரவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது. கட்டியவர்களில் பலர் எந்த ஊரில் தங்கள் நிலம் என்றே அறியாதவர்கள்.

பணம் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். அக்ரிமென்ட்டை வெள்ளைத்தாளிலோ வெறும் முத்திரைத்தாளிலோ எழுதி வைத்துக்கொள்ளாமல் சார்பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் அது கட்டாயம். ரெராவில் பதிவான திட்டமென்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் மனை விற்பவர் வாங்கக் கூடாது. விற்கும் விவசாயிக்கும் ஒரு எச்சரிக்கை: நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். 'பவர்' (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு அட்வான்ஸோடு திரும்பி வருவது அதைவிட ஆபத்து.

ஏமாந்துவிட்டால்? சொன்ன தேதியில் மனையை ஒப்படைக்கவில்லையென்றால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்டு ரெராவில் மனு செய்யலாம். நிலத்தின் உரிமையிலேயே குறையிருந்து இழப்பு நேர்ந்தால், ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவில் கேட்கும் இழப்பீட்டுக்குக் காலவரம்பே கிடையாது. பலருக்குத் தெரியாத உரிமை இது. பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியதற்கும் இழப்பீடு உண்டு, ஆகவே துண்டறிக்கையையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். சாலை, வடிகால் தருவதாகச் சொல்லி ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே காலவரம்பு இரண்டு ஆண்டு. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாவட்டக் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் புகார் கொடுத்து, கூடவே உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.