டாட் இன்னுக்கு யார் பொறுப்பு?

வண்டலூர் உயிரியல் பூங்காவின் இணைய முகவரி 'டாட் இன்' என்று முடிகிறது. அங்கிருந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பிப் போனால் வரும் விஐடி சென்னை வளாகத்துக்கு 'டாட் ஏசி டாட் இன்'. ஜிஎஸ்டி சாலையிலேயே இருக்கும் கிரசென்ட் பல்கலைக்கழகமோ 'டாட் எஜுகேஷன்' வைத்திருக்கிறது. மூன்றும் ஒரே வட்டாரம்தான். ஆனால் பேரேடு இருக்கும் இடம் வேறு வேறு. டாட் இன்னை நடத்துவது தில்லியில் உள்ள நிக்சி. அதற்குள் கல்வி நிறுவனங்களுக்கான ஏசி டாட் இன்னை எர்நெட் இந்தியா பார்த்துக்கொள்கிறது. டாட் எஜுகேஷன் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கையில்.

பூங்கா முகவரியைக் கைபேசியில் தட்டினால் என்ன நடக்கிறது? விடை ஏற்கெனவே சேமிப்பில் இல்லாவிட்டால், உங்கள் இணைய நிறுவனத்தின் கணினி முதலில், பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் ரூட் சர்வரைக் கேட்கும். ரூட் சர்வருக்கு வண்டலூரும் தெரியாது, வெள்ளைப்புலியும் தெரியாது. "டாட் இன்னா? இந்த சர்வர்களிடம் போய்க் கேள்" என்று கைகாட்டிவிடும். டாட் இன் சர்வர் பூங்காவின் பெயருக்குப் பொறுப்பான சர்வரைச் சொல்லும். அங்கேதான் ஐபி எண் கிடைக்கும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள்.

சார்பதிவாளர் அலுவலகம் வீடு கட்டித் தருவதில்லை. யாருடையது என்று எழுதிவைப்பதோடு சரி. டாட் இன் போன்ற நாட்டுக் குறியீட்டுப் பெயர்களின் பதிவகமும் அப்படித்தான். ஆனால் அந்த எழுத்தில் யாராவது கைவைத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்துவிட்டது. 2021 பிப்ரவரி 6 அன்று டாட் எல்கே பதிவுகள் சிலவற்றில் ஊடுருவல் நடந்தது. கூகுளின் இலங்கை முகவரியைத் திறந்தவர்களுக்குத் தேடுபெட்டிக்குப் பதிலாக, தேயிலைத் துறை, பத்திரிகைச் சுதந்திரம் என்று உள்நாட்டுப் பிரச்சினைகளைப் பேசும் பக்கம் வந்தது. கூகுளின் கணினிகளை யாரும் தொடவில்லை. பதிவகத்தில் இருந்த வழிகாட்டுக் குறிப்பு மாறியது, அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய பொறுப்பைப் பதிவகங்களுக்கு யார் கொடுத்தது? 1980களில் ரூட் சர்வரில் இருக்கும் மூலப் பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினியாளர். எது நாடு, எது நாடு இல்லை என்ற வம்பே வேண்டாம் என்று, நாடுகளுக்கென்று ஏற்கெனவே இருந்த ஐஎஸ்ஓ 3166 என்ற பட்டியலின் ஈரெழுத்துக் குறிகளை அப்படியே எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனமான முடிவு. 1994இல் எழுதிய விதிக்குறிப்பில், பெயரை நடத்துபவர் உரிமை கொண்டாடுவதைப் பற்றிப் பேசக் கூடாது, பொறுப்பையும் சேவையையும் பற்றிப் பேச வேண்டும் என்றார். இன்று அந்த மூலப் பட்டியல் ஐகான் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. டாட் எஜுகேஷன் போன்றவை அதனுடன் ஒப்பந்தம் போட்டு, அது சொல்கிற விதிப்படி நடக்க வேண்டும். நாட்டுக் குறியீடுகளுக்கு அந்தக் கட்டு இல்லை; யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் பெயர் தருவது என்பதை அந்தந்த நாட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தச் சுதந்திரத்தை நாம் முதலில் கதவை இறுக்கிச் சாத்தத்தான் பயன்படுத்தினோம். 1989இல் டாட் இன் நமக்கு வந்தது. மும்பையின் என்சிஎஸ்டி என்ற அரசு ஆய்வு நிறுவனம் நடத்தியது. 2004 முடியும்வரை பதிவானவை ஏழாயிரம் பெயர் அளவில்தான். அத்தனை கெடுபிடி. வியாபாரிகள் எல்லாரும் டாட் காம் பக்கம் போய்விட்டார்கள். 2005 ஜனவரியில் நிக்சி வழி திறந்த பிறகே டாட் இன் சாதாரணக் கடைக்காரருக்கும் கிடைத்தது. அடுத்தவர் பிராண்டை முந்திக்கொண்டு பதிந்துவைப்பவர்மேல் நடுவரிடம் புகார் செய்யும் முறையும் கூடவே வந்தது.

அண்மையில் அதே சுதந்திரம் நல்லதொரு காரியத்துக்கும் உதவியிருக்கிறது. வங்கியின் பெயரில் போலித் தளம் போட்டுப் பணம் பறிப்பதைத் தடுக்க, வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. அந்தப் பெயரைப் பதிந்து தரும் வேலை ஐதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டுமே. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடுவதற்கு முன் தளத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'பேங்க் டாட் இன்' நடுவில் இருந்து, சாய்கோடு வருவதற்கு முன்பே பின்னால் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வங்கி இல்லை. டாட் காமில் இப்படி ஒரு கட்டளை போட ரிசர்வ் வங்கிக்கு வழியே கிடையாது.

தமிழிலும் நாட்டுப் பெயர்கள் உண்டு: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். மூலப் பட்டியலில் இவை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவைகளாக இருக்கும். நம் கண்ணுக்குத் தமிழாக்கிக் காட்டுவது பிரவுசரின் வேலை. பெயரைப் பதிவகம் தந்துவிடும். ஆனால் தமிழ் முகவரியில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால், 'சரியான முகவரி தரவும்' என்று சிவப்பில் திருப்பி அனுப்பும் தளங்கள் இன்னும் ஏராளம். அந்தப் படிவங்களை எழுதிய நிறுவனங்களைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் எந்தப் பதிவகத்திடமும் இல்லை.