ஃப்ளைட் டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை

வீட்டுல நாயோ பூனையோ வளர்க்குறவங்களுக்கும், என்னைக்காவது வெளிநாடு போகலாம்னு யோசிக்கிறவங்களுக்கும்தான் இன்னைக்கு எபிசோட். ரெண்டும் நீங்கதான்னா கொஞ்சம் கவனமா கேளுங்க.

இசிஆர்ல கோவளத்துல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் காலையில வண்டி ஓட்டிப் பாருங்க. தெருநாய்களுக்கு நடுவுல சில நாய்கள் கழுத்துல காலர் இருக்கும், கூட ஆள் இருக்க மாட்டாங்க. எல்லாமே தொலைஞ்சு போன நாய் இல்ல. வீடு மாறும்போது, ஊர் மாறும்போது விட்டுட்டுப் போனதும் அதுல இருக்கு. விட்டவங்க எல்லாரும் கல் நெஞ்சுக்காரங்கன்னு நான் நினைக்கல. வேலை கிடைச்சிருக்கும், விசா வந்திருக்கும், மூணு வாரத்துல கிளம்பணும். அப்புறம்தான் நாயைப் பத்தி விசாரிப்பாங்க. அப்போ கிடைக்கிற பதில், “குறைஞ்சது நாலு மாசம் ஆகும்”.

அந்த நாலு மாசம் எங்க இருந்து வருது? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

சுண்டலோட கதை

என் அக்கா சிறுசேரி சிப்காட்ல வேலை பார்த்தாங்க. மாமல்லபுரம் கடற்கரையில குட்டியா கிடைச்ச ஒரு நாட்டு நாயை எடுத்து வளர்த்தாங்க. பேரு சுண்டல். அஞ்சு வருஷமா செங்கல்பட்டு வீட்டுல எங்களோட இருந்தான். ஒரு ஆகஸ்ட் மாசம் அக்காவுக்கு ஜெர்மனியில வேலை கிடைச்சுது. நவம்பர்ல வந்து சேரச் சொன்னாங்க. பேப்பர் வேலையெல்லாம் என் தலையில விழுந்தது. அதனால இதுல பாதிக்கு மேல நான் நேர்ல பார்த்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தோட விதி இது. முதல்ல மைக்ரோசிப். அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன குழாய், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல தோலுக்கு அடியில ஊசி மூலமா வைப்பாங்க. அதுல பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஸ்கேனரைக் காட்டினா 15 இலக்க எண் தெரியும், அவ்வளவுதான். சிப் வாங்கும்போது ஐஎஸ்ஓ தரமான்னு கேளுங்க. வேற வகைன்னா அங்க இருக்கிற ஸ்கேனர்ல படிக்காம போகலாம்.

அடுத்தது ரேபிஸ் தடுப்பூசி. நாய்க்குக் குறைஞ்சது 12 வாரம் ஆகியிருக்கணும். இங்க வரிசை ரொம்ப முக்கியம். சிப் முதல்ல, ஊசி அப்புறம். ஒரே நாள்ல ரெண்டையும் செய்யலாம், ஆனா சிப்பை வெச்சு, எண்ணைப் படிச்ச பிறகுதான் ஊசி. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்குல வராது. ஏன்னா அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டதுன்னு நிரூபிக்க வழியில்ல. சுண்டலுக்கு வருஷா வருஷம் ஊசி போட்டுத்தான் வந்தோம். சிப் இல்லாததால அத்தனையும் செல்லாது, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். ஒரு கிளினிக்ல, “ஊசியை இன்னைக்குப் போட்டுடலாம், சிப் அடுத்த வாரம் வந்ததும் வெச்சுக்கலாம்”னு சொன்னாங்க. அக்கா ஒத்துக்கல. சிப் வர்ற வரைக்கும் காத்திருந்து, செப்டம்பர் முதல் வாரத்துல ரெண்டையும் ஒண்ணா முடிச்சோம்.

மூணு மாசம் எதுக்கு?

ஊசி போட்டுக் குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கணும். உடம்புல ரேபிஸுக்கு எதிரான ஆன்டிபாடி போதுமான அளவு இருக்கான்னு பார்க்கிற சோதனை இது. டைட்டர் டெஸ்ட்னு சொல்வாங்க. மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூ இல்ல அதுக்கு மேல இருக்கணும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிச்ச ஆய்வகத்தோட ரிசல்ட்டை மட்டும்தான் ஏத்துக்குவாங்க. அதனால ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியே, எந்த ஆய்வகத்துக்குப் போகுதுன்னு கேட்டு, பட்டியல்ல அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க.

ரத்தம் எடுத்த தேதியில இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். ரிசல்ட் நல்லா வந்தாலும் காத்திருக்கணும். இதைக் கேட்டதும் பலருக்கும் கோபம் வரும். ஆனா காரணம் நியாயமானது. ரேபிஸ் கிருமி உடம்புக்குள்ள போனா உடனே அறிகுறி தெரியாது. வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல ஒளிஞ்சிருக்கும். ஊசி போடுறதுக்கு முன்னாடியே நாய்க்குத் தொற்று இருந்திருந்தா, பெரும்பாலும் இந்த மூணு மாசத்துல வெளிய வந்துடும். அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது ஏறக்குறைய கிடையாது, நாய்க்கும் மனுஷனுக்கும். உலகத்துல வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால இறக்குறாங்கன்னு ஒரு மதிப்பீடு இருக்கு. அதுல பெரிய பங்கு இந்தியாவோடது. நம்ம நாட்டு நாய்ங்கறதால இவ்வளவு கேள்வி கேட்குறதுக்கு இதுதான் காரணம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஜனவரி 2 ஊசின்னா, பிப்ரவரி 1 ரத்தம், மே 1-க்கு அப்புறம்தான் பயணம். மே மாசம் சென்னையில எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம். அக்னி நட்சத்திரத்துல ரன்வே சூட்டுல நாயை ஏத்த சில விமான நிறுவனங்கள் மறுத்துடுவாங்க. பக் மாதிரி மூக்கு சப்பையா இருக்கிற நாய்களுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம், சூட்டுல அதுங்களால சரியா மூச்சு விட முடியாது.

“நீ முன்னாடி போ, நான் அப்புறம் அனுப்புறேன்”

நாங்களும் முதல்ல இதைத்தான் யோசிச்சோம். நடக்காது. செல்லப் பிராணிங்கற கணக்குல போகணும்னா, உரிமையாளரோட பயணத்துக்கும் நாயோட பயணத்துக்கும் நடுவுல 5 நாளுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது. மீறினா வணிகச் சரக்கா எடுத்துக்குவாங்க, விதி இன்னும் கடுமையாகும். அக்கா ஆஃபீஸ்ல பேசி, ஜனவரி கடைசி வரைக்கும் இங்க இருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாங்க. அதைக் கேட்கவே அவங்களுக்குப் பயமா இருந்தது. “நாய்க்காகவா?”ன்னு கேட்டுடுவாங்களோன்னு. கேட்டாங்கதான். ஆனா சம்மதிச்சாங்க.

அந்த இடைவெளியில கூண்டுப் பழக்கம். நாய் உள்ள நிமிர்ந்து நிற்கணும், திரும்பணும், படுக்கணும். ஐயாட்டாவோட அடிப்படை விதி அது. சுண்டலுக்குக் கூண்டுக்குள்ளதான் சாப்பாடு, அதுவும் கொஞ்சம் கருவாடு சேர்த்து. ஒரு மாசத்துல அவனே உள்ள போய்த் தூங்க ஆரம்பிச்சான். மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. மேல பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கிடுற ஆபத்து இருக்கு. செலவுல பெரிய பங்கு சரக்குக் கட்டணம்தான். எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க, கூண்டு எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னும் கணக்கு போடுவாங்க.

கடைசிக் கட்டம் பள்ளிக்கரணை. அங்க மத்திய அரசோட விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு அலுவலகம் இருக்கு. கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்க ஓஎம்ஆர்ல வந்து சோழிங்கநல்லூர்ல திரும்பி, மேடவாக்கம் வழியா போகலாம். அரசு கால்நடை மருத்துவர் சான்றிதழ்ல கையெழுத்து போட்டதுல இருந்து 10 நாளைக்குள்ள ஐரோப்பாவுல இறங்கிடணும். அதனால இதை மட்டும் சீக்கிரம் முடிக்க முடியாது. பயண வாரத்துலதான் செய்யணும்.

வேற நாடுன்னா?

பிரிட்டனுக்கும் அதே 30 நாள், மூணு மாசக் கணக்கு. கூடவே நாய்க்கு நாடாப்புழு மருந்து, அங்க இறங்குறதுக்கு 24-ல இருந்து 120 மணி நேரத்துக்கு முன்னாடி. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1-ல இருந்து விதியை மாத்தியிருக்கு. நாய்க்கு 6 மாசம் ஆகியிருக்கணும். இந்தியா ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுங்கறதால, இங்க ஊசி போட்ட நாய்க்கு அங்க பதிவு பெற்ற விலங்கு மையத்துல முன்பதிவும் வேணும். ஜப்பானுக்கு ரத்தம் எடுத்து 180 நாள். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவுல இருந்து நேரா கொண்டு போகவே முடியாது. அங்கீகரிச்ச இன்னொரு நாட்டுக்கு முதல்ல போய், அங்க தயார் பண்ணித்தான் போகணும்.

இன்னொரு விஷயம். வீட்டுல பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருந்தா, அதைக் கொண்டு போறது எப்படின்னு கேட்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுல வெச்சிருக்கிறதே குற்றம்.

இன்னைக்கே செய்யக்கூடியது

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். ஐரோப்பாவுக்கு எடுக்கிற டைட்டர் டெஸ்ட்டுக்குக் காலாவதி கிடையாது. அதுக்கு ஒரே நிபந்தனை, அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தவறாம போட்டு வரணும். அப்படின்னா வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே, ஐஇஎல்டிஎஸ் எழுதுறப்பவே, ஜெர்மன் கிளாஸ்ல சேர்றப்பவே சிப், ஊசி, ரத்தம் மூணையும் முடிச்சு வெச்சுக்கலாம். ஆஃபர் வர்ற அன்னைக்கு உங்க நாய்க்கு அந்தக் காத்திருப்பு முடிஞ்சிருக்கும். வெளிநாடு போகவே இல்லைன்னாலும், சிப் இருக்கிற நாய் தொலைஞ்சா அது யாரோடதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கும்.

ரொம்ப வயசான நாய், இதய நோய் இருக்கிற நாய்னா, டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க. பழகின வீட்டுல, பழகின ஆள்கிட்ட விட்டுட்டுப் போறது சில சமயம் நல்ல முடிவு. ஆனா அந்த ஆளைத் தேடவும் நேரம் வேணும். கிளம்புறதுக்கு முந்தின வாரம் தேடினா கிடைக்க மாட்டாங்க.

விதிகள் அடிக்கடி மாறும். நீங்க போற நாட்டோட அரசு இணையதளத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்துடுங்க. உங்க வீட்டு நாய், பூனைக்கு இன்னும் சிப் வைக்கலைன்னா, இந்த வாரக் கடைசியில ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.