கத்திரிக்கு 125 மணி நேரம்

அக்னி நட்சத்திரம் மே 4இல் தொடங்கி 28 வரை போனால் 25 நாள். உத்திரமேரூர்ப் பக்கம் காலை 11 மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் விட யாருக்கும் மனம் வராது. வெயில் தாழ மாலை 4 ஆகிவிடும். நாளுக்கு 5 மணி நேரம், 25 நாளுக்கு 125. விடுமுறையின் மற்ற நாள்களும் ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களும் இதில் சேராது. ஒரு பிள்ளையை வீட்டுக்குள் வைத்து 125 மணி நேரத்தை ஓட்ட என்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்பதே இந்தக் கணக்கு.

விலைகள் கடைக்குக் கடை மாறும். இங்கே உள்ளவை தோராயம். அளவுகோலாக ஒன்றை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி ரூ. 336. மானாம்பதியிலும் சாலவாக்கத்திலும் எதை வாங்கினாலும் ‘இது எத்தனை நாள் கூலி’ என்றுதான் மனம் கேட்கும்.

பல்லாங்குழியிலிருந்து தொடங்கலாம். குழி 14, குழிக்கு 5 முத்து, ஆக 70. குழிக்கு 6 போட்டு ஆடுகிற வீடுகளில் 84. கடையில் மரப் பலகை ரூ. 400க்குக் குறையாது, அதாவது ஒரு நாள் கூலிக்கு மேல். வீட்டில் 7 தேங்காய் உடைத்த கொட்டாங்குச்சி சேர்ந்திருந்தால் அதுவே 14 குழி. ஆடாமல் நிற்க, மடித்த சாக்கின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். முத்துக்குப் புளியங்கொட்டை. மாசி, பங்குனியில் உலுக்கிய புளி கத்திரிக்குள் உடைத்து முடிந்திருக்கும். ஓட்டோடு 1 கிலோ புளியில் சதை சுமார் 550 கிராம், கொட்டை 340, ஓடும் நாரும் 110. ஒரு கொட்டை முக்கால் கிராம் என்று வைத்தால் 450 கொட்டை தேறும். ஆறு வீட்டுக்கு 70 வீதம் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். செலவு ரூ. 0.

ஆட்டத்துக்குள் ஓடும் கணக்கு இதைவிடச் சுவையானது. ஆளுக்கு 35 கொட்டையில் தொடங்குகிறார்கள். முதல் சுற்று முடிவில் தங்கையிடம் 27, அண்ணனிடம் 43 என்று வைப்போம். தங்கை 5 வீதம் போட்டால் 5 குழிதான் நிரம்பும், கையில் 2 மிஞ்சும், 2 குழி காலி. ஈவும் மீதியும் என்று மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் புரியாதது, இரண்டு குழியைப் பறிகொடுத்த கோபத்தில் ஒரே மதியத்தில் புரிந்துவிடும். ‘பசு’ எடுப்பதற்கு 4 சேரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் சிதறினால் பசு போய்விடும். பெரியவர்கள் வந்து சொல்லிக்கொடுக்கிற பாடம் எதுவும் இங்கே தேவைப்படுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. முத்துக்கு மஞ்சாடி போடலாம், சோழி போடலாம், குன்றிமணி மட்டும் கூடாது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதையை மென்றால் உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு உயிரையே எடுக்கும். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும்கூட அதன் கைக்கு எட்டக் கூடாது. பொம்மைப் பாதுகாப்பு விதிகள் அந்த வயதுக்கு வைத்திருக்கும் சோதனைக் குழலின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டைக்குள் போய்ச் சிக்கும். நம் பாரம்பரிய ஆட்டங்களின் காய்கள் எல்லாமே அதற்குள் அடங்குபவை.

அடுத்தது தாயம். 5க்கு 5 கட்டம், 25 அறை. வெளிச்சுற்றில் 16, உள்சுற்றில் 8, நடுவில் பழம் 1. ஒரு காய் தன் மலையிலிருந்து, அதாவது தொடக்கக் கட்டத்திலிருந்து, கிளம்பிப் பழமாக 15 + 8 + 1 = 24 அடி. ஆளுக்கு 4 காய் என்றால் 96 அடி. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். விழக்கூடிய வகை 16. அதில் தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நாலு 3, அஞ்சு 2, ஆறு 1, பன்னிரண்டு 1. கூட்டி வகுத்தால் ஒரு போடுக்குச் சராசரி 3.75. ஆக ஒருவருக்குக் குறைந்தது 26 போடு. நான்கு பேர் ஆடினால் நூற்றுக்கு மேல். வெட்டுப்பட்டால் அதற்கு மேலும். ஒரு போடுக்கு அரை நிமிடம் என்றாலும் ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். கத்திரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த 16 வகையில் தாயம் 2தான் என்பது சின்னப் பிள்ளைகளை அழவைக்கும். எட்டுக்கு ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் காய் மலையிலேயே கிடக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு, நாலு பிள்ளைகளில் ஒன்று அழுகிற கணக்கு. இதற்குப் பழைய வைத்தியம் உண்டு. நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமென்டுத் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்துக் கட்டையாக்கிக்கொள்வது. ஒன்று வெள்ளை விழுந்தால் தாயம், எல்லாம் கறுப்பானால் எட்டு. கொட்டை இரு பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால் தாயம் 16இல் 4, நாலுக்கு ஒன்று. பத்து போடும் வீணாகும் வாய்ப்பு 6 விழுக்காட்டுக்குள் வந்துவிடும். ஆறு சோழியில் ஆடினால் 64இல் 6, பித்தளையைவிடக் கஞ்சம். ஆக ஐந்து, ஆறு வயதுக்கு நாலு கொட்டை, பெரியவர்கள் சேர்ந்தால் பித்தளை. பித்தளை ஜோடி ரூ. 150 அளவில் கிடைக்கும், ஏறக்குறைய அரை நாள் கூலி. கட்டம் போடச் சாக்பீஸ் ஒன்று.

ஆடு புலி ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. எல்லா ஆடும் இறங்கிய பிறகு, ஒன்றும் வெட்டுப்படாமல் இருந்தால், காலியாக இருப்பது 5 புள்ளி. அந்த ஐந்துக்குள்தான் முழு யுத்தமும். இரண்டு பேர் போதும். புலி பக்கத்தைப் பிடிக்க எல்லாப் பிள்ளையும் அடித்துக்கொள்ளும். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஆட்டைத்தான் எடுப்பார்கள்.

சீட்டுக் குலுக்கலுக்கு வருவோம். இதைச் சொல்ல உத்திரமேரூருக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. 30 குடும்பு, அதாவது ஊரின் 30 பிரிவுகள். போட்டியிட வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்து, 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. ஓலையை எடுப்பது உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன். ஊராட்சிக் கணக்கில் இந்த ஊர்ப் பிள்ளைக்கு வேலை கொடுத்து ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது.

இன்றைய பிள்ளைகள் எடுக்கும் சீட்டில் ராஜா, மந்திரி, போலீஸ், திருடன். மதிப்பெண் வீட்டுக்கு வீடு மாறும். ராஜாவுக்கு 1000, மந்திரிக்கு 500, போலீஸ் சரியாகப் பிடித்தால் 100, தவறினால் அந்த 100 திருடனுக்கு என்று வைத்துப் பாருங்கள். யார் பிடித்தாலும் விட்டாலும் ஒரு சுற்றின் மொத்தம் 1600. பத்துச் சுற்று முடிந்து நான்கு பேர் கணக்கையும் கூட்டினால் 16,000 வர வேண்டும். வராவிட்டால் யாரோ கூட்டலில் தப்பு செய்திருக்கிறார்கள், அல்லது கள்ளக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். தணிக்கை என்றால் என்ன என்று எட்டு வயதில் தெரிந்துகொள்ள இது போதும். செலவு, பழைய நோட்டில் ஒரு தாள்.

இதுவரை பொருள் கணக்கு இப்படி நிற்கிறது:

பல்லாங்குழி (கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை): ரூ. 0
தாயம் (நாலு கொட்டை, சாக்பீஸ்): ரூ. 2
ஆடு புலி (அதே சாக்பீஸ், 18 கூழாங்கல்): ரூ. 0
ராஜா மந்திரி: ரூ. 0


ஒரு டீயின் விலைகூட இல்லை. அப்படியானால் ஏன் எல்லாப் பிள்ளையும் கைப்பேசியோடு மூலையில் சாய்ந்திருக்கிறது? காசுப் பத்தியைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது, ஆள் பத்தியைப் பார்க்க வேண்டும். பல்லாங்குழிக்கு 2 பேர், ஆடு புலிக்கு 2, தாயம் களை கட்ட 4, ராஜா மந்திரிக்கு 4. தேசியக் குடும்ப நல ஆய்வின் 5ஆம் சுற்றில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. அதாவது ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகூட முழுசாக இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஒரு வீட்டில் சராசரியாக 4 பேருக்கும் குறைவு. அதில் இருவர் பகலில் கழனியிலோ ஒரகடம் பக்கத்துக் கம்பெனியிலோ இருப்பார்கள். நாலு கை ஆட்டத்துக்கு ஒரு வீட்டில் ஆள் தேறாது.

கைப்பேசிக்கு அந்தக் கவலை இல்லை. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் நாளுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோ திட்டம் 28 நாளுக்கு ரூ. 299. வருடத்துக்கு 13 முறை போட்டால் ரூ. 3,887, பதினொன்றரை நாள் கூலி. இதைப் பிள்ளைக்காகவே போடுவதில்லைதான். ஆனால் அது தருவது களைப்பே இல்லாத, எப்போதும் கூப்பிட்டால் வருகிற ஒரு கூட்டாளி. 2 முதல் 4 வயதுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதை நம்பாத தாய் இல்லை. மிச்சம் 4 மணி நேரத்துக்கு எதிரில் உட்கார ஆள் வேண்டுமே.

அந்த ஆளுக்கு விலை போட்டுப் பார்ப்போம். 25 நாளும் ஒரு பெரியவர் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளோடு இருந்தால் 25 x 336 = ரூ. 8,400. இந்தப் பேரேட்டிலேயே பெரிய தொகை இதுதான். எந்த வீட்டிலும் இது எழுதப்படுவதில்லை, பாட்டி இருக்கிறார் என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுவோம். மூன்று வீடு சேர்ந்து முறை வைத்தால் வீட்டுக்கு 8 நாள் சொச்சம், ரூ. 2,800. அந்தப் பாட்டிகளுக்கும் நாளுக்கு 5 மணி நேரம் உட்காரும் கடமை மூன்றில் ஒன்றாகக் குறையும். மூன்று வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டினால் ஐந்து பேர் தேறும். தாயக் கட்டமும் நிரம்பும், ராஜா மந்திரிக்கும் ஒருவர் கூடுதலாக இருப்பார்.

காசு கொஞ்சம் செலவழிக்கலாம் என்கிறவர்களுக்குக் கேரம். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. 2025 செப்டம்பர் 22 முதல் கேரம் பலகை, செஸ் பலகை, லூடோ போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ. 1,000 விலையுள்ள பலகை ரூ. 1,120க்கு விற்றது, இப்போது ரூ. 1,050. மிச்சமான 70 ரூபாய் பவுடருக்கு ஆகும். சென்னையின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றதும் மாநில அரசு ரூ. 1 கோடி கொடுத்ததும் உண்மை. அதை நினைத்துக்கொண்டு யாரும் பலகை வாங்க வேண்டாம். மூன்று வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ரூ. 350, ஒரு நாள் கூலிக்கு 14 ரூபாய்தான் மேல். கத்திரி முடிந்த பிறகு பலகை யார் வீட்டில் இருப்பது என்பதை மட்டும் காசு போடும் முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.