நாற்பத்தைந்து நாள் கெடு

ஒரு பல்கலைக்கழகக் குழு எத்தனை முறை கூடியது என்ற கணக்கு அதன் வேலைக்கு அளவுகோல் ஆகாது என்பது வரை வந்திருந்தோம். இந்த வாரம் புனே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுக்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக 2016-ம் ஆண்டு மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டத்தைப் புரட்டியபோது தேர்வுப் பகுதியில் ஒரு விதி கண்ணில் பட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

தேர்வு முடிந்த 30 நாளுக்குள் முடிவை வெளியிடப் பல்கலைக்கழகம் முயல வேண்டும், எப்படியானாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அந்த விதி. கெடு வைப்பது எல்லாச் சட்டத்திலும் உண்டு. அதற்கு அடுத்த வரிதான் அருமை. கெடு தவறினால், ஏன் தவறியது என்று விரிவாகக் காரணம் எழுதி வேந்தருக்கும் மாநில அரசுக்கும் அனுப்ப வேண்டும். இதே சட்டம் பல்கலைக்கழகத்தின் விவாத அவையான செனட்டிடம் கேட்பது என்ன? ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும் என்பது. கூடிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்தது. தேர்வு விதியில் செய்ய வேண்டிய காரியம், அதற்கான நாள், தவறினால் பதில் சொல்ல வேண்டிய ஆள் என மூன்றும் இருக்கின்றன. ஒரு குழுவை மதிப்பிட இந்த மூன்றும் போதும், மூன்றும் வேண்டும்.

சட்டம் நடைமுறைக்கு வந்த 2017-லேயே இதற்குச் சோதனை வந்தது. மும்பை பல்கலைக்கழகம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறைக்கு அவசரமாக மாறியது. முடிவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஜூலை 31-க்குள் முடிக்கச் சொன்னார் வேந்தரான ஆளுநர் வித்யாசாகர் ராவ். (அப்போது தமிழ்நாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு ஆளுநர்.) அந்த நாளும் தவறியது. அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கப்பட்டார். கெடு வைத்தும் பலனில்லையே என்று கேட்கலாம். பலன் இருந்தது: தாமதம் எந்த நாளில் தொடங்கியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கெடு எதுவும் வைக்காமல் பாடத்திட்டம் ஐந்தாண்டு தாமதமானால் அந்த முதல் நாளை எவராலும் காட்ட முடியாது.

விவாதிப்பதற்கென்றே உள்ள அவையைக் கடிகாரம் வைத்து அளக்கலாமா என்பது வலுவான ஆட்சேபம். விவாதத்துக்குக் கெடு வைக்க நானும் சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் கணக்குத் தொடங்க வேண்டும். கூட்ட நிகழ்ச்சி நிரலில் முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதிசெய்வார்கள், அடுத்து எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய அறிக்கை வரும். அந்த இரண்டாவது உருப்படியை மட்டும் ஐந்தாண்டுக்கு வரிசையாகப் படித்தால் போதும். எத்தனை தீர்மானம் காரியமானது, எத்தனை துணைக்குழுவோடு நின்றது என்பது தெரிந்துவிடும்.

நாமோ நூற்றாண்டுக்கு மேலாக இந்த அவைகளிலும் பதவிகளிலும் யார் உட்காருவது என்பதிலேயே சண்டை போடுகிறோம். 1904-ம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா செனட்டுகளில் நியமன உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை தந்தது. புனே ஃபெர்குசன் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கோகலே வைஸ்ராயின் சட்டசபையில் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்த்தது நியாயம். அரசின் பிடியில் போன அவை சுதந்திரமாகப் பேசாது. ஆனால் 2021-ல் மகாராஷ்டிரத்தில் அமைச்சரை இணைவேந்தராக்கும் மசோதா வந்தபோதும், தமிழ்நாட்டில் துணைவேந்தர் தேடல் குழுவில் யுஜிசி பிரதிநிதி வேண்டுமா என்று ஆளுநரும் அரசும் மோதியபோதும் பேச்செல்லாம் நாற்காலியைப் பற்றியே இருந்தது. உட்கார்ந்தவர்கள் செய்து முடித்த காரியத்தைக் கேட்க யாரும் முன்வரவில்லை.

பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. செனட்டிலோ கல்விக் குழுவிலோ இருக்கும் வாசகர்கள், அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டாவது உருப்படியை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.