ஒரே கம்பெனி, நாலு விலை: கார் இன்சூரன்ஸ்ல எதை எடுக்கறது?

கார் வாங்கி மூணு வருஷம் ஆனவங்களுக்கு ரின்யூவல் மெசேஜ் வந்ததும் ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும். வண்டி பழசாகுது, ஆனா பிரீமியம் ஏறுது! காரணம் இதுதான்: 2018 செப்டம்பர்ல இருந்து புதுக் காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மூணு வருஷத்துக்குச் சேர்த்து முதல்லயே வாங்கிடறாங்க. அது முடிஞ்சதும் அந்தத் தொகை மறுபடி பில்லுக்குள்ள வந்துடும்.

அந்த நேரத்துல கம்பெனி வெப்சைட்டைத் திறந்தா, அதே காருக்கு நாலு விலை காட்டும். நம்ம கை நேரா குறைஞ்ச விலைக்குத்தான் போகும். ஒரு நிமிஷம் நில்லுங்க. இன்னைக்கு இந்த நாலு விலையையும் பிரிச்சுப் பார்த்துடலாம்.

நம்ம உதாரணக் கார்: 1,197 சிசி பெட்ரோல் கார், புதுசுல விலை 7 லட்சம், மூணு வருஷம் முடிஞ்சது, இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லை. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தையும் ஆட்-ஆன் விலைகளையும் கணக்குக்காக நானே வெச்சிருக்கேன். உங்க கம்பெனியில இது மாறும், ஆனா கணக்குப் போடற முறை மாறாது. எல்லாத் தொகையும் 18% ஜி.எஸ்.டி சேர்த்து.

1. தேர்ட் பார்ட்டி மட்டும்: ரூ.4,031
2. காம்ப்ரிஹென்சிவ்: ரூ.10,167
3. அதோட ஜீரோ டெப்: ரூ.12,645
4. அதோட இன்ஜின் புரொடெக்ட்: ரூ.13,471

எது மாறாது?

தேர்ட் பார்ட்டி விலையை கம்பெனி முடிவு பண்றதில்லை, அரசு நிர்ணயிக்குது. 2022 ஜூன்ல அமலான விகிதப்படி 1000 சிசிக்குள்ள ரூ.2,094, 1000 முதல் 1500 சிசி வரை ரூ.3,416, அதுக்கு மேல ரூ.7,897. மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். ஆனா இது நீங்க இடிச்ச அடுத்தவங்களுக்குத்தான். உங்க வண்டிக்கு ஒரு பைசா வராது.

மிச்சம் இருக்கறது சொந்தச் சேதப் பகுதி. நம்ம உதாரணத்துல அது ரூ.8,000. மூணு வருஷம் கிளெய்ம் பண்ணாததால என்.சி.பி தள்ளுபடி 35% போக ரூ.5,200. ஆக, விலை வித்தியாசம் எல்லாமே இந்தப் பகுதியிலயும் ஆட்-ஆன்லயும்தான்.

இப்போ ஒரு விபத்தை வெச்சுப் பார்ப்போம்

முன்பக்கம் இடிச்சு ஒர்க்‌ஷாப் பில் ரூ.50,000 வருதுன்னு வெச்சுக்கங்க. பிளாஸ்டிக் பார்ட்ஸ் 20,000, மெட்டல் 16,000, கண்ணாடி 6,000, கூலி 8,000.

முதல் பாலிசியில ஐம்பதாயிரமும் உங்க பாக்கெட்ல இருந்துதான்.

ரெண்டாவதுல தேய்மானம் கழிப்பாங்க. பிளாஸ்டிக்குக்கு 50%, அதாவது 10,000. மூணு வருஷம் தாண்டி நாலு வருஷத்துக்குள்ள இருக்கற காரோட மெட்டலுக்கு 25%, அதாவது 4,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. இது போக 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் ரூ.1,000. மொத்தம் ரூ.15,000 நீங்க கட்டணும். 'ஃபுல் இன்சூரன்ஸ்தானே எடுத்தேன், ஏன் காசு கேக்கறாங்க?'ன்னு ஒர்க்‌ஷாப்ல சண்டை வர்றது இந்த இடத்துலதான்.

மூணாவதுல, அந்த ஜீரோ டெப் இருந்தா உங்க பங்கு அந்த ரூ.1,000 மட்டும்தான். ரூ.2,478 கூடுதலாக் கட்டினது 14,000-ஐக் காப்பாத்துது. ஆனா ஒரு விஷயம்: பல பாலிசிகள்ல ஜீரோ டெப்புக்கு வண்டி வயசு வரம்பும், வருஷத்துக்கு இத்தனை கிளெய்ம்தான்னு வரம்பும் இருக்கும். படிச்சுட்டு எடுங்க.

நாலாவது, வெள்ளம் வர்ற ஊருக்கு. 2015-லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனை கார் தண்ணிக்குள்ள நின்னுச்சுன்னு பார்த்தோம். வெள்ளச் சேதம் காம்ப்ரிஹென்சிவ்லயே வரும். ஆனா தண்ணிக்குள்ள நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, சாதாரண பாலிசியில பொதுவா தர மாட்டாங்க. அதுக்குத்தான் இந்த ஆட்-ஆன். நம்ம உதாரணத்துல வெறும் ரூ.826.

விலையைக் குறைக்கற ஒரு பொறி: ஐ.டி.வி

வண்டி திருடு போனா கம்பெனி தர்ற அதிகபட்சத் தொகைதான் ஐ.டி.வி. நம்ம காருக்கு 40% தேய்மானம் போக 4,20,000. வெப்சைட்ல இதை 3,50,000-க்கு இறக்கிப் பாருங்க, பிரீமியம் சுமார் ஆயிரம் ரூபாய் குறையும். சந்தோஷமா இருக்கும். ஆனா வண்டி போச்சுன்னா 70,000 நஷ்டம். அதனால நாலு விலையையும் ஒப்பிடும்போது ஐ.டி.வி ஒரே அளவுல இருக்கான்னு முதல்ல பாருங்க.

சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் வேண்டாம்

கிளெய்ம் பண்ணினா என்.சி.பி பூஜ்யம் ஆயிடும். அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய 45% தள்ளுபடி நம்ம கணக்குல ஜி.எஸ்.டியோட சுமார் ரூ.4,200. அதுக்குப் பிறகும் 20%-ல இருந்து படிப்படியாத்தான் ஏறணும். அதனால நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் வேலைன்னா கையில இருந்து போடறதுதான் லாபம். இன்னொண்ணு, பாலிசி முடிஞ்சு 90 நாளைக்குள்ள ரின்யூ பண்ணலைன்னாலும் என்.சி.பி போயிடும்.

சரி, யாருக்கு எது?

- அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கற கார், தினமும் ட்ராஃபிக்ல ஓட்டறீங்க: மூணாவது.
- தெருவுல தண்ணி நிக்கற ஏரியா: நாலாவது.
- பத்து வருஷம் தாண்டின, இடிச்சாலும் பரவாயில்லைன்னு நினைக்கற கார்: முதலாவது போதும்.
- நடுவுல இருக்கறவங்க: ரெண்டாவது.

இந்த நாலு விலையிலயும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டை நான் சேர்க்கலை. ஓனரே ஓட்டினா அது கட்டாயம். ஏற்கெனவே அந்த அளவுக்குத் தனி பாலிசி இருந்தா, அதைச் சொல்லி இங்க தவிர்க்கலாம்.

ரின்யூவலுக்கு முன்னாடி இந்த 50,000 ரூபாய் கணக்கை உங்க காருக்கு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. பிரீமியத்தை மட்டும் பார்க்காதீங்க. விபத்து அன்னைக்கு உங்க கையில இருந்து எவ்வளவு போகும்னு பாருங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.