மாவுக்கட்டு பிரித்த பிறகு

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்ஸா மெஷின் என் பொறுப்பில் இருக்கிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி அது. வருகிற பெண்களிடம் படுக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "அம்மா, அம்பது வயசுக்குப் பக்கத்துல எங்கயாச்சும் விழுந்து எலும்பு முறிஞ்சிருக்கா?"

"இல்லையே" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு முறிஞ்சுச்சு. மாவுக்கட்டு போட்டாங்க. அது அப்பவே சரியாப் போச்சு தாயி" என்பார்கள்.

மணிக்கட்டு சரியாகியிருக்கும். ஆனால் நின்ற இடத்தில் விழுந்து கையை ஊன்றியதற்கே எலும்பு முறிந்தால், உடம்பு முழுக்க எலும்பு இளைத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும். இப்படி ஒருமுறை முறிந்தவர்களுக்கு அடுத்து முதுகெலும்போ இடுப்போ முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கட்டைப் பிரித்த கையோடு டெக்ஸாவுக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புது எலும்பைக் கட்டும் செல்களும் நமக்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. கரைப்பது கைமீறாமல் பார்த்துக்கொள்வது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அது குறைகிறது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். வலியே இருக்காது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தே இந்த இழப்பு தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், மிகவும் ஒல்லியானவர்கள், பெற்றவர்களில் ஒருவருக்கு இடுப்பு முறிந்தவர்கள் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, குகைபோன்ற மெஷினுக்குள் போக வேண்டியதும் இல்லை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்ச் கட்டையை வைத்துக் காலை உயர்த்துவேன்; கீழ்முதுகு மேசையோடு படியும். பிறகு பாதத்தை உட்பக்கமாகத் திருப்பிக் கட்டி இடுப்பைப் படம் எடுப்பேன். பத்துப் பதினைந்து நிமிட வேலை. கதிர்வீச்சு நெஞ்சு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. கால்சியம் மாத்திரையை முந்தின நாளே நிறுத்திவிட்டு வரச் சொல்வோம். இடுப்பில் செருகிய சுருக்குப்பையை மறந்து படுத்துவிடுபவர்கள் உண்டு. அதிலுள்ள சில்லறை முதுகெலும்பின் மேல் விழுந்தால் எலும்பு உறுதியாக இருப்பதுபோல் எண் ஏறிவிடும். சேலைப் பின்னையும் அரைஞாண் கொடியையும் நான் கழற்றச் சொல்வது அதற்காகத்தான். முதுகில் தேய்மானம் இருந்தாலும் எண் கூடுதலாகக் காட்டும். அதனால் இடுப்பையும் பார்க்காமல் விடுவதில்லை.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர். இளம் வயதுப் பெண்களின் சராசரியிலிருந்து உங்கள் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அந்த எண். 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ். நடுவில் இருப்பது ஆஸ்டியோபீனியா. முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கிறார்களே, அது முன்னோட்டம் மட்டும்தான். அதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது.

மைனஸ் 1.8 என்று வந்ததும் "நல்லவேளை" என்று எழுந்து போகிறவர்களை நான் உட்கார வைத்துப் பேசுவேன். எலும்பு முறிகிற பெண்களில் கணிசமானவர்களின் எண் மைனஸ் 2.5 வரை இறங்கியிருப்பதே இல்லை. அதே மைனஸ் 1.8, ஏற்கெனவே எலும்பு முறிந்தவருக்கும் முறியாதவருக்கும் ஒன்றல்ல. உயரம் குறைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி தெரியாமலே முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். மருந்து வேண்டுமா என்பதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி எனப் பலவகை மருந்துகள் இருக்கின்றன. அந்த ஆறு மாத ஊசியை மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் முதுகெலும்பு அடுத்தடுத்து முறியக்கூடும். மறுபரிசோதனைக்குக் கூடுமானவரை அதே மெஷினுக்கே போங்கள், பழைய ரிப்போர்ட்டோடு. மணிக்கட்டு முறிந்த வருடத்தை அதன் ஓரத்தில் எழுதி வையுங்கள்.