நடுவழியில் அணையும் இஞ்சின்: குறியீடு காட்டுவது இடத்தை, பாகத்தை அல்ல

விரைவுச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் காரின் இஞ்சின் திடீரென அணைந்துவிடுவது சாதாரணப் பழுதன்று. இஞ்சின் நின்றவுடன் பல கார்களில் ஸ்டீயரிங் கனத்துப் போகும். பிரேக்கில் எஞ்சியிருக்கும் உதவியும் ஓரிரு மிதிகளுக்கே போதும். ஆகவே, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, அபாய விளக்கைப் போட்டு, இடப்புற அவசரத் தடத்திற்கு வண்டியைக் கொண்டு செல்வதே முதல் வேலை. வண்டி முழுமையாக நிற்கும் முன் பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் அதே கார் மீண்டும் கிளம்பிவிடுவதும் உண்டு. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பழுது ஒளிந்துகொள்கிறது. முதலில் பேட்டரி, அடுத்து பிளக், பிறகு பெட்ரோல் பம்ப் என்று ஊகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. பணம் கரைகிறது, பழுது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால், காரின் கணினி பெரும்பாலும் அதைக் குறித்து வைத்திருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் பொதுவான பழுதறியும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் அது உள்ளது. ஓட்டுநர் பக்கத்தில், டாஷ்போர்டின் அடியில் 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தினால் 'பி' என்ற எழுத்தும் அதனுடன் நான்கு இலக்கங்களும் திரையில் தெரியும். 'பி' என்பது இஞ்சினையும் கியர்பெட்டியையும் குறிக்கிறது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தந்தத் தயாரிப்பாளருக்கே உரியது.

சூடேறிய பின் அணைந்து, ஆறிய பின் கிளம்பும் காரில் அடிக்கடி காணப்படுவது பி0335. கிராங்க் ஷாஃப்ட் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பது இதன் பொருள். இஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்வது இந்தச் சிறிய சென்சார். இதன் சேதி வராவிட்டால், இஞ்சின் நின்றுவிட்டது என்று கருதிக் கணினி தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். சென்சாருக்குள் இருக்கும் நுண்கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பை இழப்பதும், ஆறியதும் மீண்டும் சேர்வதும் உண்டு. அரை மணி நேர மர்மம் அதுதான்.

எனினும், குறியீடு 'சுற்று' என்றுதான் சொல்கிறது. 'சென்சாரை மாற்று' என்று சொல்லவில்லை. எண்ணெய் ஊறி வெடித்த கம்பி, பச்சை பூத்த இணைப்பு, அது கண்காணிக்கும் சக்கரத்தில் உடைந்த ஒரு பல் என எதனாலும் அதே எண் வரலாம். கார் கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். இஞ்சின் சுற்று பூஜ்யமாகவே இருந்தால் சேதி வரவில்லை என்று பொருள். இஞ்சின் ஓடும்போது கம்பியை மெதுவாக அசைத்து, அப்போது அணைகிறதா என்றும் பார்க்கலாம். பெல்ட்டும் விசிறியும் சுழலும் இடமாதலால் கைக்கு எச்சரிக்கை தேவை. இரண்டு கம்பிச் சென்சாரை ஓம் மீட்டரால் அளந்து தயாரிப்பாளர் கையேட்டுடன் ஒப்பிடலாம். மூன்று கம்பி வகை பெரும்பாலும் மின்னணுச் சில்லு கொண்டது; ஓம் அளவு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பி0171 வேறு கதை. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பதே அதன் சேதி. இதைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடும் பட்டறைகள் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டித் தருகிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும். ஐடிலிங்கில் அந்த அளவு உயர்ந்து, நிமிடத்திற்கு 2,500 சுற்றில் தணிந்தால் ஏதோ ஒரு ரப்பர் குழாயில் காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். வேகம் கூடக்கூட அதுவும் ஏறினால் பம்ப், ஃபில்டர், காற்றளவுச் சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

குறியீடே இல்லாமலும் இஞ்சின் அணையலாம். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மட்டும் அணைந்தால், கரி படிந்த திராட்டல் பகுதியைச் சுத்தம் செய்தாலே பல நேரங்களில் போதும். பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயில் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தால் கணினிக்குத் தெரியாமலே போகலாம்.

பட்டறையில் குறியீட்டை அழிக்கும் முன் அதையும், அது பதிவான கணத்தின் வேகம், சூடு ஆகிய விவரங்களையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அழித்தால் அவையும் போய்விடும்; பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் அதே கதிதான். பழுது பார்த்த பின் பட்டறையைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது சோதனையாகாது. சூட்டில் வரும் பழுதை, இஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டித்தான் சோதிக்க வேண்டும்.